கண்ணுக்குத் தெரியாத அடுத்த வீடு: பால்வீதியை உள்ளிருந்தே அளந்த கதை

சூரியனை விட்டுவிட்டால் நமக்கு மிகவும் பக்கத்தில் இருக்கும் விண்மீன் பிராக்சிமா சென்டாரி. அங்கிருந்து கிளம்பும் ஒளி 4.24 ஆண்டில் நம்மிடம் வந்துவிடும். விண்வெளிக் கணக்கில் அது அடுத்த வீடு. ஆனால் எவ்வளவு இருட்டான இடத்துக்குப் போய் அண்ணாந்து பார்த்தாலும் வெறுங்கண்ணுக்குத் தட்டுப்படாது. அப்படி ஒன்று இருப்பதே 1915-ல்தான் தெரியவந்தது. ஜோகன்னஸ்பர்க்கில் வேலை பார்த்த ராபர்ட் இன்னஸ், சில ஆண்டு இடைவெளியில் எடுத்த இரண்டு புகைப்படத் தட்டுகளை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது மங்கலான ஒரு புள்ளி மட்டும் இடம் பெயர்ந்திருப்பது கண்ணில் பட்டது.

அதே வானத்தில் திருவாதிரையைப் பாருங்கள். 500 ஒளியாண்டுக்கும் அப்பால் இருக்கிறது. ஆனாலும் நிலா வெளிச்சத்தில்கூடச் செக்கச்செவேல் என்று தெரியும். அகத்தியர் மீன் என்று சொல்லும் கனோபஸ் சுமார் 310 ஒளியாண்டு தூரம். இரவு வானத்தின் பிரகாசமான விண்மீன்களில் அதற்கு இரண்டாம் இடம். அடுத்த வீடு தெரியவில்லை, பத்துத் தெரு தள்ளி இருப்பது தெரிகிறது. பால்வீதியைப் புரிந்துகொள்ள இங்கிருந்து தொடங்குவதுதான் சரி என்று எனக்குப் படுகிறது. நாம் பார்க்கும் வானம் வேறு, நாம் குடியிருக்கும் கேலக்ஸி, அதாவது பால்வீதி என்ற மாபெரும் விண்மீன் திரள், வேறு. பாடப்புத்தகத்தில் ஒரே வரியில் வந்துபோகும் எண்கள் எல்லாம் இந்த வேறுபாட்டை யாரோ மெனக்கெட்டுத் தாண்டியதால் கிடைத்தவை.

முதலில் விண்மீன்களையே எடுத்துக்கொள்வோம். நம்மைச் சுற்றி 12 ஒளியாண்டு தூரத்துக்குள் சுமார் 30 விண்மீன்கள் இருக்கின்றன. அவற்றில் வெறுங்கண்ணுக்குப் புள்ளியாகத் தெரிபவை ஏழு இடங்கள்தான். மிச்சத்தில் பெரும்பாலானவை சிவப்புக் குறுமீன்கள், அதாவது பிராக்சிமாவின் இனம். சூரியனின் நிறையில் எட்டில் ஒரு பங்குதான் பிராக்சிமாவுக்கு உண்டு. அது வெளியிடும் ஆற்றலோ சூரியனுடையதில் ஆயிரத்தில் இரண்டு பங்குகூடத் தேறாது. பால்வீதியில் உள்ள விண்மீன்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று இந்த வகை. ஆனால் இரவு வானத்தில் நம் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் விண்மீன்களில் சிவப்புக் குறுமீன் ஒன்றுகூட இல்லை. நமக்குப் பெயர் தெரிந்த ரோகிணி, கேட்டை, திருவாதிரை, சித்திரை எல்லாமே சூரியனைவிடப் பல மடங்கு ஒளி கொண்டவை. இருட்டில் கடலில் இருந்து கரையைப் பார்க்கிறவருக்குக் கலங்கரை விளக்கம் தெரியும், வீடுகளில் எரியும் சிறு விளக்குகள் தெரியாது. அதை வைத்து ‘இந்த ஊரில் எல்லாமே கலங்கரை விளக்கம்’ என்று முடிவுகட்டினால் எப்படி இருக்கும்? நம் வானமும் அப்படிப்பட்ட ஒரு காட்சிதான்.

ஒரு விண்மீனின் தலையெழுத்தை அதன் நிறைதான் எழுதுகிறது. அதிக நிறை என்றால் உள்ளே அழுத்தமும் வெப்பமும் அதிகம். ஹைட்ரஜனை அது தாறுமாறான வேகத்தில் எரித்துத் தீர்க்கும். திருவாதிரை பிறந்து சுமார் 1 கோடி ஆண்டுதான் ஆகிறது, அதற்குள் கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டது. இன்னும் 1 லட்சம் ஆண்டுக்குள் அது வெடித்துச் சிதறலாம் என்பது கணிப்பு. 2019 கடைசியில் அது திடீரென்று மங்கியபோது ‘வெடிக்கப்போகிறதோ’ என்று உலகமே பரபரத்தது. அப்புறம்தான் தெரிந்தது, அது தானே உமிழ்ந்த தூசி மேகம் நம் பார்வைக்கு முன்னால் வந்து மறைத்திருக்கிறது என்று.

சூரியனுக்கு மொத்த ஆயுள் ஏறக்குறைய 1,000 கோடி ஆண்டு. அதில் 460 கோடி போய்விட்டது. பிராக்சிமாவுக்கோ லட்சம் கோடிக் கணக்கில் ஆயுள். அதன் உள்பொருள் கொதிக்கும் நீர் போல மேலும் கீழுமாகப் புரண்டு கலந்துகொண்டே இருப்பதால், கையில் இருக்கும் ஹைட்ரஜனில் பெரும்பகுதியைச் சிறுகச் சிறுகச் செலவழிக்க முடிகிறது. பிரபஞ்சத்தின் வயதே 1,380 கோடி ஆண்டுதான் என்பதால், தோன்றியதிலிருந்து இன்றுவரை ஒரு சிவப்புக் குறுமீன்கூட முதுமையடைந்து அணைந்ததில்லை. பால்வீதியைப் பற்றிய தகவல்களில் என்னை அதிகம் நிறுத்தி யோசிக்க வைப்பது இதுதான். நம் கேலக்ஸியின் பெரும்பான்மைக் குடிகள் இன்னும் குழந்தைப் பருவத்தையே தாண்டவில்லை.

உட்கார்ந்த இடத்திலிருந்தே

நிலா இல்லாத இரவில், ஊர் வெளிச்சம் எட்டாத இடத்தில், விருச்சிகத்தின் வால் இருக்கும் பக்கம் பார்த்தால் பால்வீதி நன்றாகத் தெரியும். முதல் தடவை பார்த்தபோது மெல்லிய மேகம் என்றுதான் நினைத்தேன். அரை மணி நேரம் ஆகியும் அது கலையாமல், விண்மீன்களோடு சேர்ந்து நகர்ந்த பிறகுதான் புரிந்தது. சாதாரண பைனாகுலரைக் கண்ணில் வைத்தால் அந்தப் புகை உடைந்து மணல்மணலாக விண்மீன்கள் உதிரும். 1610-ல் கலிலியோ தன் தொலைநோக்கியில் கண்டு எழுதி வைத்ததும் இதைத்தான்: அந்த வெண்மை எண்ணிலடங்கா விண்மீன்களின் திரள்.

அது ஏன் பட்டையாகத் தெரிகிறது? நாம் ஒரு தட்டுக்குள் இருக்கிறோம். தட்டின் குறுக்களவு சுமார் 1 லட்சம் ஒளியாண்டு. விண்மீன்கள் நெருக்கமாக உள்ள பகுதியின் தடிமன் 1,000 ஒளியாண்டு அளவு. தட்டின் தளத்தோடு பார்வையை ஓடவிட்டால் அடுக்கடுக்காக விண்மீன்கள் வரும். தளத்தை விட்டு மேலேயோ கீழேயோ பார்த்தால் சீக்கிரமே காலி வெளி வந்துவிடும். அந்தத் தளம்தான் வானத்தைச் சுற்றி ஓடும் வெண்பட்டை. வெறுங்கண்ணுக்குத் தெரியும் விண்மீன்கள் அந்தப் பட்டைக்குள் மட்டும் இல்லை, வானம் முழுவதும் பரவிக் கிடக்கின்றன. மொத்த வானத்திலும் சுமார் 9,000 தேறும். அவை எல்லாமே பால்வீதியைச் சேர்ந்தவை, அதிலும் பெரும்பாலும் நம் அக்கம்பக்கத்தவை.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. பால்வீதியை வெளியே நின்று யாரும் படம் எடுத்ததில்லை. சுருள் சுருளாகக் கைகளை விரித்து, நடுவில் மஞ்சளாக ஒளிரும் அந்த அழகான படங்கள் எல்லாமே ஓவியங்கள். ஒரு வீட்டின் ஒரே நாற்காலியில் உட்கார்ந்தபடி, எழுந்திருக்காமல், அந்த வீட்டின் வரைபடத்தை வரையச் சொன்னால் எப்படியோ அப்படித்தான். அதோடு வீட்டுக்குள் புகையும் மண்டியிருக்கிறது.

அந்த வரைபடத்தை முதலில் ஒழுங்காக முயன்றவர் வில்லியம் ஹெர்ஷல். இங்கிலாந்தில், 20 அடி நீளத் தொலைநோக்கியை வானத்தின் 600-க்கும் மேற்பட்ட இடங்களுக்குத் திருப்பி, ஒவ்வொரு இடத்திலும் எத்தனை விண்மீன் தெரிகிறது என்று எண்ணினார். அந்த ஆண்டுகளில் அவர் கண்டு சொல்லச் சொல்ல, கேட்டு எழுதி வைத்தவர் தங்கை கரோலின். அதிகம் தெரியும் திசையில் கேலக்ஸி நீளமாக இருக்க வேண்டும், குறைவாகத் தெரியும் திசையில் விளிம்பு பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது கணக்கு. 1785-ல் அவர் வெளியிட்ட படத்தில் பால்வீதி ஓரம் கிழிந்த தட்டையான வடிவில் இருக்கிறது, ஏறக்குறைய நடுவில் சூரியன். அடுத்த 130 ஆண்டுகளுக்கும் மேல் இந்த எண்ணம் பெரிதாக மாறவில்லை. 1922-ல் டச்சு வானியலாளர் காப்டெய்ன், புகைப்படத் தட்டுகளின் துணையோடு செய்த பெரும் கணக்கும் சூரியனை மையத்துக்கு அருகில்தான் வைத்தது.

இருவரும் கவனக்குறைவாக எண்ணியவர்கள் இல்லை. பிழை வேறு இடத்தில் இருந்தது. அடர்ந்த மூடுபனிக்குள் நிற்கும்போது எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே தூரம்தான் தெரியும். எங்கே நின்றாலும் நாம்தான் நடுவில் இருப்பதாகத் தோன்றும். விண்மீன்களுக்கு நடுவே அப்படி ஒரு பனி இருப்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

ஹார்லோ ஷாப்லி வேறு வழியில் போனார். பால்வீதியின் தட்டுக்குள் மட்டும் பார்க்காமல், தட்டுக்கு மேலும் கீழும் தொங்கும் கோளக் கொத்துகளைப் பார்த்தார். லட்சக்கணக்கான முதிய விண்மீன்கள் பந்து போலத் திரண்ட கொத்துகள் அவை. இன்று 150-க்கும் மேல் தெரியும். அவை வானம் முழுக்கச் சமமாகப் பரவியிருக்கவில்லை, தனுசு ராசிப் பக்கமாகக் குவிந்திருந்தன. அவை கேலக்ஸியின் மையத்தைத்தான் சுற்றும் என்றால், மையம் அந்தப் பக்கம் இருக்க வேண்டும். நாம் எங்கோ ஓரத்தில் இருக்கிறோம். 1918-ல் அவர் சொன்ன திசை மிகச் சரி. தூரத்தை மட்டும் ஏறக்குறைய இரு மடங்காகச் சொல்லிவிட்டார். இன்றைய அளவீட்டில் சூரியனில் இருந்து மையம் சுமார் 26,700 ஒளியாண்டு.

அவர் தூரம் அளக்கப் பயன்படுத்திய அளவுகோலைக் கொடுத்தவர் ஹென்ரியட்டா லீவிட். இந்தப் பெண்மணியைக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஹார்வர்டு வானாய்வகத்தில் கண்ணாடிப் புகைப்படத் தட்டுகளை லென்ஸ் வைத்துப் பார்த்து, விண்மீன்களின் ஒளியை மதிப்பிட்டுக் குறிப்பது அவர் வேலை. சிறிய மெகல்லன் மேகம் என்ற பக்கத்துக் குட்டிக் கேலக்ஸியில், ஒளி கூடிக் குறையும் விண்மீன்கள் ஏராளமாக இருப்பதைக் கண்டார். 1912-ல் அவற்றில் 25-ஐ எடுத்து, ஒவ்வொன்றும் ஒருமுறை கூடிக் குறைய எத்தனை நாள் ஆகிறது, எவ்வளவு பிரகாசம் என்று வரைந்தார். நாள் அதிகமாக ஆக, பிரகாசமும் அதிகம். புள்ளிகள் நேர்கோட்டில் விழுந்தன. எல்லாம் ஒரே மேகத்தில் இருப்பதால் நம்மிடமிருந்து ஏறக்குறைய ஒரே தூரம். ஆகவே பிரகாச வித்தியாசம் உண்மையான வித்தியாசம்தான். இனி எங்கே இப்படி ஒரு விண்மீனைக் கண்டாலும் நாட்களை எண்ணினால் போதும், அதன் உண்மையான ஒளி தெரியும். அது எவ்வளவு மங்கலாகத் தெரிகிறதோ அதை வைத்துத் தூரம் வந்துவிடும். 1923-ல் எட்வின் ஹபிள் ஆண்ட்ரோமெடாவில் இதே வகை விண்மீன் ஒன்றைப் பிடித்ததும், அது பால்வீதிக்குள் இருக்கும் மேகம் இல்லை, தனி கேலக்ஸி என்று முடிவானது. அதன் தூரம் சுமார் 25 லட்சம் ஒளியாண்டு என்று இன்று தெரியும்.

பனியைக் கையும் களவுமாகப் பிடித்தவர் ராபர்ட் டிரம்ப்ளர். 1930-ல் அவர் விண்மீன் கொத்துகளை ஒப்பிட்டார். தூரத்தில் இருக்கும் கொத்து சிறிதாகவும் மங்கலாகவும் தெரிய வேண்டும், இரண்டும் ஒரே கணக்கில். ஆனால் தொலைவில் உள்ள கொத்துகள், அவற்றின் அளவு சொல்லும் தூரத்துக்குப் பொருந்தாமல் கூடுதலாக மங்கியிருந்தன. இடையில் ஏதோ ஒன்று ஒளியை விழுங்குகிறது. அது தூசி. கரி, மணற்சத்து போன்றவற்றின், புகைத் துகளை விடப் பெரிதல்லாத துணுக்குகள். பால்வீதியின் வெண்பட்டைக்கு நடுவே கறுப்பாகக் கிழித்ததுபோல் தெரிகிறதே, அங்கே விண்மீன்கள் இல்லாமல் இல்லை. முன்னால் தூசி நிற்கிறது.

இந்தத் தூசி எவ்வளவு கெட்டியானது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. மையத்திலிருந்து நம்மை நோக்கிக் கிளம்பும் சாதாரண ஒளியில், லட்சம் கோடித் துகளுக்கு ஒன்றுதான் வந்து சேர்கிறது. பால்வீதிக்குள் நடந்து, மனிதர்கள் வெறுங்கண்ணால் தெளிவாகப் பார்த்துப் பதிவுசெய்த கடைசி விண்மீன் வெடிப்பு 1604-ல். நூறாண்டுக்கு ஒன்றிரண்டு வெடிக்க வேண்டும் என்பது கணக்கு. அப்படியானால் மற்றவை எங்கே? 2008-ல் அதற்குப் பாதி விடை கிடைத்தது: மையத்துக்கு அருகே ஒரு வெடிப்பின் மிச்சம், அதன் வயது 150 ஆண்டுக்கும் குறைவு என்று அப்போது கணக்கிட்டார்கள். நம் கொள்ளுத்தாத்தாக்களின் காலத்தில் அதன் ஒளி பூமியை எட்டியிருக்க வேண்டும். ஒருவர்கூடப் பார்க்கவில்லை. பின்னாளில் ரேடியோ அலையிலும் எக்ஸ் கதிரிலும்தான் அது அகப்பட்டது.

தூசியைத் தாண்டிய அலைகள்

தூசியைத் துளைத்து வரும் அலை எது? நீளமான அலை. டச்சு மாணவர் வான் டி ஹுல்ஸ்ட் 1944-ல், நாடு போரின் பிடியில் இருந்த நேரத்தில், விண்வெளியில் பரவிக் கிடக்கும் ஹைட்ரஜன் அணுக்கள் 21 செ.மீ. நீளமுள்ள ரேடியோ அலையை வெளியிடும் என்று காகிதத்தில் கணக்குப் போட்டுச் சொன்னார். 1951 மார்ச்சில் ஹார்வர்டில் ஹரோல்ட் யூவன், எட்வர்ட் பர்செல் இருவரும் அதைப் பிடித்தார்கள். கருவி என்ன தெரியுமா? ஆய்வக ஜன்னலுக்கு வெளியே பொருத்திய, கொம்பு வடிவ ஆன்டெனா. அந்த அலை தூசியைச் சட்டை செய்யாது. மேகம் நம்மை நோக்கி வருகிறதா விலகுகிறதா என்பதைப் பொறுத்து அலைநீளம் இம்மி கூடும், குறையும். அந்த இம்மியை வைத்து மேகங்கள் எங்கே, எந்த வேகத்தில் சுற்றுகின்றன என்று வரைந்தபோது, சுருள் கைகள் முதன்முதலாக வரைபடத்தில் எழுந்தன.

அப்புறம் அகச்சிவப்பு ஒளி. 2005-ல் ஸ்பிட்சர் விண்தொலைநோக்கி தந்த தரவுகள், பால்வீதியின் நடுவில் இருப்பது வெறும் உருண்டை இல்லை, விண்மீன்களால் ஆன நீண்ட ஒரு பட்டை என்பதை உறுதி செய்தன. அதன் முனைகளில் இருந்துதான் ஸ்கூட்டம்–சென்டாரஸ், பெர்சியஸ் என்ற இரண்டு பெரிய கைகள் கிளம்புகின்றன. நாம் இருப்பது இந்த இரண்டிலும் இல்லை. ஓரியன் கை என்ற சிறிய கிளையில் இருக்கிறோம்.

இந்தக் ‘கை’ என்ற சொல் ஆளை ஏமாற்றிவிடும். காற்றாடியின் இறக்கை போல, அதே விண்மீன்கள் சேர்ந்து சுற்றும் திடப்பொருள் என்று நினைக்கத் தோன்றும். அப்படி இருந்தால் உள்ளே இருப்பவை சீக்கிரமும் வெளியே இருப்பவை தாமதமாகவும் சுற்றிவருவதால், நாலைந்து சுற்றில் கைகள் நூல்கண்டு மாதிரி இறுகிச் சுருண்டிருக்கும். 1964-ல் லின், ஷூ என்ற ஆய்வாளர்கள் சொன்ன விளக்கம் வேறு: கை என்பது நெரிசல் உள்ள இடம். சாலையில் ஓரிடத்தில் நெரிசல் இருக்கிறது. வண்டிகள் வந்து, மெதுவாகி, கடந்து போகின்றன. வண்டிகள் மாறினாலும் நெரிசல் அங்கேயேதான். வாயு மேகங்கள் அந்த நெரிசலுக்குள் நுழையும்போது அழுந்தி, புது விண்மீன்கள் பிறக்கின்றன. அவற்றில் நீலமாக எரியும் பெரியவை சில பத்து லட்சம், சில கோடி ஆண்டுகளில் இறந்துவிடுவதால் நெரிசலைத் தாண்டிப் போகவே நேரம் இருப்பதில்லை. கைகள் அவ்வளவு பளிச்சென்று தெரிய இதுதான் காரணம். கைகளுக்கு நடுவே இருக்கும் இருட்டான இடமும் காலியில்லை. அங்கேயும் சிவப்புக் குறுமீன்கள் ஏறக்குறைய அதே அளவுக்கு நிரம்பியிருக்கின்றன. தெரியும் காட்சியும் இருக்கும் கூட்டமும் ஒன்றல்ல என்பது இங்கேயும் அப்படியே பொருந்துகிறது.

சூரியனும் சுற்றுகிறது. வேகம் நொடிக்கு 230 கி.மீ. அளவில். இந்த வரியை நீங்கள் படித்து முடிப்பதற்குள் ஆயிரம் கி.மீ. போயிருப்போம். ஒரு முழுச் சுற்றுக்கு 20 முதல் 23 கோடி ஆண்டு ஆகும்; பிறந்ததிலிருந்து சுமார் 20 தடவை சுற்றியிருக்கிறது. போன சுற்றில் மையத்துக்கு இதே பக்கம் இருந்தபோது பூமியில் டைனோசர்களின் காலம் தொடங்கியிருந்தது. இதை வெறும் கணக்கு என்று நினைக்க வேண்டாம், நேரடியாகவே பார்த்திருக்கிறார்கள். மையத்தில் உள்ள சாஜிட்டேரியஸ் ஏ ஸ்டார் என்ற, ரேடியோ அலை வரும் புள்ளி, அதற்குப் பின்னால் வெகுதூரத்தில் உள்ள குவாசர்களோடு (பளீரென ஒளிரும் தொலைதூரக் கேலக்ஸி மையங்கள்) ஒப்பிட்டால் ஆண்டுக்கு ஒரு டிகிரியில் 5.6 லட்சத்தில் ஒரு பங்கு நகர்வதாகத் தெரிகிறது. ஓடும் ரயிலில் இருந்து பார்த்தால் பக்கத்து மரம் பின்னால் போவதுபோல. நகர்வது அது இல்லை, நாம்.

அந்த சாஜிட்டேரியஸ் ஏ ஸ்டார்தான் நம் கேலக்ஸியின் நடுவில் இருக்கும் கருந்துளை. ரைன்ஹார்ட் கென்செலின் குழுவும் ஆண்ட்ரியா கேஸின் குழுவும் 1990-களில் தொடங்கி அதைச் சுற்றும் விண்மீன்களை அகச்சிவப்பில் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். இருவருக்கும் 2020-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. எஸ்2 என்ற விண்மீன் 16 ஆண்டில் ஒரு சுற்று முடிக்கிறது. அதன் பாதையின் சராசரி ஆரம், பூமி–சூரியன் தூரத்தைப் போல சுமார் 1,025 மடங்கு. இந்த இரண்டு எண்ணை வைத்து நீங்களே கருந்துளையை எடை போடலாம். 1,025-ஐ மூன்று முறை பெருக்குங்கள்: சுமார் 107.7 கோடி. அதை 16 இன்டு 16, அதாவது 256-ஆல் வகுங்கள்: 42 லட்சம். சூரியனைப் போல 42 லட்சம் மடங்கு நிறை. கெப்ளர் கோள்களுக்காகச் சொன்ன அதே விதிதான். 2018 மே மாதம் எஸ்2 மிக அருகே வந்தபோது நொடிக்கு 7,650 கி.மீ. வேகத்தில் பாய்ந்தது. 2022 மே 12 அன்று, உலகெங்கும் உள்ள ரேடியோ தொலைநோக்கிகளை இணைத்து எடுத்த அந்தக் கருந்துளையின் நிழல் படம் வெளியானது.

ஒரு தவறான எண்ணத்தை இங்கே கண்டிப்பாகக் களைய வேண்டும். சூரியன் கோள்களைப் பிடித்து வைத்திருப்பதுபோல, கருந்துளைதான் பால்வீதியைப் பிடித்து வைத்திருக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். இல்லை. சூரியனின் வேகத்தையும் பாதையையும் வைத்துக் கணக்கிட்டால், அந்தப் பாதைக்கு உள்ளே சுமார் 10,000 கோடி சூரியன்களின் நிறை இருக்க வேண்டும். கருந்துளை அதில் 20,000-ல் ஒரு பங்குகூட வராது. விண்மீன்கள், வாயு, அப்புறம் கண்ணுக்கும் கருவிக்கும் அகப்படாத கரும்பொருள் எல்லாம் சேர்ந்த கூட்டு ஈர்ப்பில்தான் சூரியன் சுற்றுகிறது. கரும்பொருளைக் கணக்கில் சேர்க்க வேண்டிய கட்டாயம், 1970-களில் வேரா ரூபினும் மற்றவர்களும் கேலக்ஸிகளின் வெளிப்பகுதி எதிர்பார்த்ததைவிட மிக வேகமாகச் சுழல்வதை அளந்து காட்டியதில் இருந்து வலுத்தது.

சரி, பால்வீதியில் மொத்தம் எத்தனை விண்மீன்கள்? 10,000 கோடியிலிருந்து 40,000 கோடி வரை என்று சொல்வார்கள். இவ்வளவு பெரிய இடைவெளியைப் பார்த்ததும் ‘சரியாகத் தெரியாமல் சொல்கிறார்கள்’ என்று தோன்றலாம். யாரும் எண்ணிச் சொன்னதில்லை; எடை போட்டுச் சொன்னது. மொத்த நிறையில் விண்மீன்களின் பங்கை எடுத்து, ஒரு விண்மீனின் சராசரி நிறையால் வகுக்கிறார்கள். மங்கலான குறுமீன்களை எவ்வளவு என்று வைக்கிறோமோ அதற்கேற்ப சராசரி மாறும், விடையும் மடங்குக் கணக்கில் மாறும். கட்டுரையின் தொடக்கத்தில் பார்த்த அந்த அடுத்த வீட்டுக்காரர்தான் இங்கேயும் குறுக்கே நிற்கிறார்.

எண்ணிக்கை இப்படி இருந்தாலும் நெருக்கம் என்று எதுவும் இல்லை. 10 லட்சம் கி.மீ.-ஐ 1 செ.மீ. ஆகச் சுருக்குங்கள். சூரியன் ஒரு கோலிக்குண்டு. பூமி ஒன்றரை மீட்டர் தள்ளி, தூசி அளவு. பிராக்சிமா 400 கி.மீ. தள்ளி. இதே அளவில் பால்வீதியின் தட்டு, உண்மையான நிலாவின் தூரத்தைப் போல 25 மடங்கு விரியும். அதனால்தான் இரண்டு கேலக்ஸிகள் மோதினாலும் விண்மீன்கள் ஒன்றோடொன்று முட்டுவது அரிது. ஆண்ட்ரோமெடா நொடிக்கு சுமார் 110 கி.மீ. வேகத்தில் நம்மை நோக்கி வருகிறது. மோதல் உறுதி என்று வெகுநாள் சொல்லிவந்தார்கள். 2025-ல் வெளியான ஓர் ஆய்வு, அடுத்த 1,000 கோடி ஆண்டில் அது நடக்க ஏறக்குறைய பாதி வாய்ப்புதான் என்கிறது.

பால்வீதியே முன்பு இப்படிச் சேர்ந்து வளர்ந்ததுதான். இதைக் காட்டியது கையா விண்கலம். கட்டைவிரலை முன்னால் நீட்டி, ஒரு கண்ணை மாற்றி ஒரு கண்ணை மூடினால் விரல் இடம் மாறுவதுபோல் தெரியும் அல்லவா? பூமி சூரியனின் இந்தப் பக்கம் இருக்கும்போதும் அந்தப் பக்கம் இருக்கும்போதும் விண்மீன்களும் அப்படி இம்மியளவு இடம் மாறும். கையா அளந்த இம்மி, 1,000 கி.மீ. தூரத்தில் இருக்கும் ஒரு தலைமுடியின் தடிமன் அளவு. 2013 டிசம்பரில் ஏவப்பட்டு 2025 ஜனவரியில் பார்வையை நிறுத்தும்வரை, ஏறக்குறைய 200 கோடி விண்மீன்களை அது பட்டியலிட்டது. அந்தப் பட்டியலில் நம் பக்கத்து விண்மீன்களிலேயே ஒரு கூட்டம் மட்டும் ஊரோடு ஒட்டாமல் எதிர்ப்பக்கமாகவும் குறுக்காகவும் போவது 2018-ல் தெளிவானது. சுமார் 1,000 கோடி ஆண்டுக்கு முன்னால் பால்வீதிக்குள் விழுந்து கரைந்த ஒரு சிறிய கேலக்ஸியின் பிள்ளைகள் அவை. கையா–என்செலடஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

கையாவின் 200 கோடி, மொத்த விண்மீன்களில் நூற்றுக்கு இரண்டுக்கு மேல் போகாது. அதுவும் சாதாரண ஒளியில் பார்த்ததால் மையத்துக்கு அப்பால் அதன் கண் எட்டவில்லை. ரேடியோ அலைதான் எட்டியது. 2017-ல், பல இடங்களில் இருக்கும் ரேடியோ தொலைநோக்கிகளை ஒரே கருவியாக இணைத்து, மையத்துக்கு அந்தப் பக்கம் புது விண்மீன்கள் பிறக்கும் ஓரிடத்தின் தூரத்தை அதே கட்டைவிரல் முறையில் அளந்துவிட்டார்கள். அங்குள்ள நீர் மூலக்கூறுகள் வெளியிட்ட அலை அது. தூரம் 66,000 ஒளியாண்டு. ஸ்கூட்டம்–சென்டாரஸ் கை, மையத்தைச் சுற்றி வளைந்து மறுபக்கத்தில் அந்தப் புள்ளி வழியாகத்தான் போகிறது. அந்தப் பக்கத்தில் இப்படி நேரடியாக அளந்த புள்ளிகள் இன்னும் மிகக் குறைவு. ஓவியங்களில் சூரியனுக்கு எதிர்ப்புறம் வரைந்திருக்கும் கைகளில் பெரும்பகுதி, அந்தச் சில புள்ளிகளையும் வாயு மேகங்களின் வேகத்தையும் வைத்து நீட்டிய கோடுகள்.